நாற்பத்திரண்டாம் சைஸ் சட்டை

1

அண்ணனின் குரல் பதிவு வந்தபோது நான் தொழிற்சாலையில் உடை மாற்றும் அறையில் இருந்தேன். காலை ஷிப்ட் முடிந்திருந்தது. கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் போகட்டும், பிறகு சட்டையைக் கழற்றலாம் என்று ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏலே அமலு, ஜெனி கல்யாணத்துக்கு நம்ம வீட்டு ஆம்பளையாளுக எல்லாருக்கும் ஒரே கலர்ல சட்டை தைக்கக் குடுக்குறோம். ராம்நாட்டுல டெய்லர்ட்ட சொல்லியாச்சு. ஒன் அளவச் சொல்லு. போன தடவ நாப்பத்திரெண்டு. அங்கன ரொட்டியும் வெண்ணெயுமாத் தின்னு நாப்பத்திநாலு ஆயிருப்பியே!"

அண்ணன் சேசு தங்கச்சிமடத்தில் இருக்கிறான். ராமேஸ்வரம் துறைமுகத்தில் அவனுக்கு ஒரு விசைப்படகு உண்டு. ஜெனி அவனுடைய ஒரே மகள். எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கல்யாணங்கள் அதிகம். படகுகள் கரையில் நிற்கும், ஆண்பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஜெனிக்கும் அப்போதுதான் தேதி குறித்திருந்தார்கள். நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறு ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை.

"நாப்பத்திரெண்டுதான் அண்ணே, மாறல" என்று பதில் அனுப்பினேன்.

பொய். அப்போது நான் போட்டிருந்த சட்டைக்குள் இரண்டு டி-ஷர்ட் இருந்தன. குளிருக்காக அல்ல, உடம்பு இருப்பதுபோல் காட்டுவதற்காக. இடுப்பு பெல்ட்டில் வேலை செய்யும் இடத்திலேயே ஆணி வைத்து மூன்று புது ஓட்டைகள் போட்டிருந்தேன்.

2

என் மனைவி ஸ்டெல்லா வீட்டில் இருந்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். யாருக்கு எப்போது உடம்பு இறங்குகிறது என்று பார்த்தே பழகியவள். ஆனால் பாம்பனில் அவளுடைய அம்மா விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதால் இரண்டு மாதத்துக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தாள். கல்யாணமும் வருகிறது, முடித்துக்கொண்டே வருகிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டாள். வீடியோவில் பேசும்போது நான் போனை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொள்வேன். கன்னம் ஒட்டியது தெரியாமல் இருக்கத் தாடி வளர்த்தேன்.

"தாடி நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்ணு ஏன் இப்படி முழிக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"லைட்டு வெளிச்சம்" என்றேன்.

எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கடைசியாக ஏறியபோது ஒன்பது கிலோ குறைந்திருந்தது. நன்றாகத்தான் சாப்பிட்டேன். முன்னைவிட அதிகமாகவே சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிடக் கரைந்தேன். மாடி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் விரல் நடுங்கும். டாக்டரிடம் போனால் பெயர் சொல்லிவிடுவார்கள். பெயர் சொல்லும் வரைக்கும் அது இல்லை. இப்படித்தான் என் புத்தி போனது.

காரணம் அய்யா, என் அப்பா. எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது அவருடைய சட்டைகள் பெரிதாகிக்கொண்டே போயின. கடலிலிருந்து வந்து கரையில் நிற்பார். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் புடைக்கும். "என்ன, எளச்சுட்டீக?" என்று யாராவது கேட்டால், "காத்தோட்டமா இருக்கட்டும்னு லூசாத் தச்சேன்" என்பார். அந்தப் பதிலை நாங்களும் நம்பினோம். நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது. வாந்தியில் ரத்தம் வந்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள். நாற்பது நாள் இருந்தார். அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

எனக்கு இப்போது நாற்பத்தொன்பது.

3

என் மகள் ரீனா இங்கேயே பிறந்தவள். வயது பத்தொன்பது. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு ஊர் மையத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்குப் பக்கத்திலேயே ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வடக்கே எங்கோ கல்லூரிக்கு விண்ணப்பித்திருப்பதை அம்மாவுக்கும் தோழிக்கும் சொல்லிவிட்டு எனக்கு மூன்றாவது ஆளாகத்தான் சொன்னாள். அவள் ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் சொல்வேன். அந்த இரண்டும் வரவரச் சந்தித்துக்கொள்வதே இல்லை.

அவளுக்கு வேலை இல்லாத வியாழக்கிழமையாகப் பார்த்து அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகள் எல்லாம் தொளதொளவென்று போட்டிருந்தன. தெருவில் போகிற பிள்ளைகளும் அப்படித்தான். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் தொங்கும், கால்சட்டை தரையைக் கூட்டும். இளைத்தவன் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல காலம் வராது என்று எனக்குத் தோன்றியது. ஓவர்சைஸ் என்று எழுதிய வரிசையில் இருந்ததிலேயே பெரிய சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திரையை விலக்கினால் எதிரே ரீனா நிற்கிறாள். யாருக்கோ பதிலாக வேலைக்கு வந்திருக்கிறாள்.

"அப்பா? இங்க என்ன செய்றீங்க?"

"இப்ப எல்லாரும் இந்த மாதிரிதானே போடுறாங்க. நானும் ஒண்ணு..."

சிரித்தாள். பிறகு தோள் தையலைத் தொட்டுப் பார்த்தாள். கடைக்காரி முகம் வந்துவிட்டது. பாதி தமிழும் பாதி ஜெர்மனுமாக அவள் சொன்னதை நான் தமிழாக்கித் தருகிறேன்.

"ஓவர்சைஸ்னா பெரிய சைஸ் எடுக்குறது இல்லப்பா. உங்க சைஸைத்தான் எடுக்கணும். அதையே அவங்க அகலமா வெட்டியிருப்பாங்க. நெஞ்சு தாராளமா இருக்கும், தோள் தையல் கீழ இறங்கும். ஆனா கழுத்து சரியா நிக்கும். கை மணிக்கட்டோட நிக்கும். நீளமும் இடுப்புக்குக் கீழ கொஞ்சந்தான். ரெண்டு சைஸ் மேல எடுத்தா எல்லாமே தொங்கும். அது ஸ்டைல் இல்ல, அது வேற யாரோட சட்டையோ போட்ட மாதிரி. உங்க சைஸ் என்ன?"

"நாப்பத்திரெண்டு."

அதற்குரிய ஓவர்சைஸ் சட்டையைக் கொண்டுவந்தாள். அதிலும் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. இன்னும் ஒரு சைஸ் கீழே கொண்டுவந்தாள். அதிலும் விலகியது. பட்டனைப் போடச் சொன்னாள். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் போனால் சரியான அளவாம். அவளுடைய நான்கு விரல் போனது.

தன் கழுத்தில் மாலைபோல் கிடந்த இன்ச் டேப்பை எடுத்தாள். நெஞ்சைச் சுற்றினாள். நின்றாள்.

"உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

காலரை விலக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். "கழட்டுங்க" என்றாள், ஸ்டெல்லாவின் குரலில். கழற்றினேன். பனியன் போடுவதை எப்போதோ விட்டிருந்தேன். விலா எலும்புகளை என் மகள் பார்த்தாள். மறுபடி டேப்பைச் சுற்றினாள். முப்பத்தேழு. நம்பாமல் இன்னொரு முறை சுற்றினாள். முப்பத்தேழுதான்.

"அப்பா, நீங்க சின்னதாயிட்டீங்க" என்றாள்.

இளைத்தல் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளுக்குத் தெரிந்த சொல்லைக் கொண்டு சொன்னாள். அதைவிடச் சரியாக யாரும் அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது.

"அம்மாட்ட சொல்லாத" என்றேன்.

"சொல்ல மாட்டேன். நாளைக்கு காலைல டாக்டருக்குப் போன் பண்ணுங்க. பண்ணலேன்னா சொல்லுவேன்."

டேப்பைச் சுருட்டினாள்.

4

இங்கே காய்ச்சலுக்கும் நேரம் வாங்க வேண்டும். மருத்துவமனை வாசலில் போய் நின்றால் ஆயிற்று என்பதெல்லாம் இல்லை. காலையில் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் மூன்று வாரம் கழித்து ஒரு தேதி சொன்னாள். உள்ளே எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இன்னும் மூன்று வாரம் அது பெயரில்லாமல் இருக்கும். நன்றி சொல்லி வைத்தும்விட்டேன்.

ஐந்து நிமிடத்தில் அவளே திரும்ப அழைத்தாள். என்ன பிரச்சினை என்று குறித்துக்கொள்ள மறந்துவிட்டாளாம். சோர்வு, படபடப்பு என்றேன். உடனே ஒரு கேள்வி கேட்டாள். "ஆப்கெனோமனா?"

ஜெர்மனில் போனை எடுப்பதற்கும் உடம்பு எடை குறைவதற்கும் ஒரே சொல். தொழிற்சாலையில் அந்தச் சொல்லைப் போனுக்கு மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். எடுத்தாயா என்று கேட்கிறாள், எடுத்துத்தானே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, "ஆமாம், ஆமாம், இப்போதுதான்" என்றேன்.

"எவ்வளவு?"

எத்தனை தரம் என்று கேட்பதாக எண்ணி, "ஒரே ஒரு முறை" என்றேன்.

பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். "எத்தனை கிலோ, ஐயா?"

கிலோ என்றதும் எனக்கு விளங்கியது. சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றிரண்டு என்று சொல்லியிருக்கலாம். பொய் வாய்வரை வந்தது. ஆனால் அவள் குரல் மாறியிருந்தது, காத்திருந்தாள்.

"ஒன்பது" என்றேன். அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்றைக்கே வாருங்கள். பதினொரு மணிக்கு."

5

டாக்டர் என்னைவிட இளையவர். கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. கழுத்தைத் தடவினார், நாடி பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். என் அய்யாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, திங்கள் அரசு விடுமுறை. முடிவு செவ்வாய்க்கிழமைதான்.

அந்த மூன்று நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரீனா ஒரு பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தாள். எனக்குப் புத்தி எங்கெங்கோ போனது. இங்கே புதைத்தால் கல்லறைக்குத் தவணைக்காலம் உண்டு. சில வருடம் கழித்து அந்த இடத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். செத்த பிறகும் விசா புதுப்பிக்கிற கதைதான். ஊருக்குக் கொண்டுபோனால் மணல். ரீனா ஒருநாள் அந்த மணலைத் தேடி வருவாளா, வந்தால் கல்லில் எழுதியிருக்கிற தமிழ்ப் பெயரை அவளால் படிக்க முடியுமா?

ஞாயிறன்று சர்ச்சில் பூசைக்கு என்னோடு வந்தாள். வருடக்கணக்கில் வராதவள். மண்டியிட்டபோது அவள் கை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னார்: தைராய்டு அளவுக்கு மேல் வேலை செய்கிறது. உடம்பு தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது. மாத்திரையில் கட்டுப்படும். அய்யாவுக்கு வந்தது இல்லையே என்று இரண்டு முறை கேட்டேன். இல்லை என்று இரண்டு முறை சொன்னார். "இந்தப் பயம்கூட ஓரளவுக்கு அந்த நோயின் வேலைதான். மாத்திரையில் அதுவும் குறையும்" என்றார்.

வெளியே வந்து ஸ்டெல்லாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு வெகுநேரம் அழுதாள். அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றேன். கல்யாண வேலையில் இருக்கிறவனைக் கலவரப்படுத்துவானேன்?

6

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு நானும் ரீனாவும் தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் வாசலில் என்னைக் கண்டு திடுக்கிட்டான். தைராய்டு கதையைச் சொன்னேன். "அம்புட்டுத்தானா? நான் என்னமோன்னு நெனச்சேன்" என்று சத்தமாகச் சிரித்தான். தேவைக்கு மேலே சிரித்தான். கறுத்து, வேலையில் அலைந்து களைத்தவனாகத் தெரிந்தான். கல்யாண வீட்டுக்காரன் அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் சட்டைகள் வந்தன. சந்தனக் கலர். ஆண்கள் எல்லாரும் மாடி அறையில் கூடிப் போட்டுப் பார்த்தோம். நான் சொன்ன பொய்யான நாற்பத்திரண்டு என்மேல் தொங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அண்ணன் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டன் போடுவதற்காகத் திரும்பி நின்றான்.

தோள் தையல் தோளைவிட்டு மூன்று விரல் கீழே கிடந்தது. பிடரியில் காலர் தனியாக நின்றது. சட்டைக் கை விரல் கணு வரைக்கும் வந்தது.

"டெய்லர் கெடுத்துப்புட்டான்" என்றான், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

"அளவு எடுத்தாரா அண்ணே?"

"இருக்குற வேலையில எங்க போயி நிக்கிறது? ரெண்டு வருசத்துக்கு முந்தித் தச்ச சட்டையக் குடுத்து விட்டேன். அதுதான் அளவு."

என் நெஞ்சு அடித்துக்கொண்டது, இந்த முறை தைராய்டினால் அல்ல. மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினேன். அருகே போய் அவன் மேல் பட்டனைப் போட்டுக் காலருக்குள் கையை விட்டேன். நான்கு விரலும் போயின.

"எத்தன மாசமாண்ணே?"

"என்னத்த?"

"அண்ணே."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே பந்தல்காரர்கள் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சோறு எறங்க மாட்டேங்குதுலே" என்றான். "ரெண்டு வாய் வச்சா வயிறு நெறஞ்சுருது. கிறிஸ்மஸ்லேருந்து."

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத. அய்யாவுக்கு வந்ததுதான். எனக்குத் தெரியும். போயி என்ன பண்ண? தொறந்து பாத்துட்டுத் தச்சு விடுவாக. பிள்ளைய நல்லபடியா அனுப்பி வச்சுட்டா போதும் எனக்கு."

எனக்கு மூத்தவனை நான் அதட்டிப் பேசியது கிடையாது. அன்று பேசினேன். "சொல்ல மாட்டேன். ஆனா புதன்கிழமை காலைல எங்கூட மதுரைக்கு வரணும். வரலேன்னா இப்பவே கீழ போயி மதினிட்ட சொல்லுவேன்."

சரி என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் திங்கட்கிழமை. கோயில் வாசலில் தொளதொளத்த சட்டைகளோடு நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மாப்பிள்ளையின் தோழன் ஒருவன், "ரெண்டு பேரும் ஓவர்சைஸா? செமையா இருக்கு!" என்றான். அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்க்கவில்லை, அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

மதுரையில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள். என் மேலாளரிடம் கேட்டு விடுப்பை நீட்டித்தேன். குடும்பத்தில் யாருக்கு என்ன என்று நிரூபிக்கும் தாள் கேட்டார்கள். தாளில் எழுதுவதற்கு இன்னும் பெயர் வரவில்லை என்று பதில் எழுதினேன்.

பெயர் வந்தது. அய்யாவுக்கு வந்ததேதான், வயிற்றில் புற்று. ஆனால் வயிற்றைத் தாண்டிப் போகவில்லை. டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். "இன்னும் ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். மதினியிடம் நான்தான் சொன்னேன். அவர் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய் அவன் உடுப்புகளை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால்வாசி வயிற்றை எடுத்துவிட்டார்கள். அண்ணன் இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை, கையளவு கையளவாகச் சாப்பிடுகிறான். படகை மருமகன் பார்த்துக்கொள்கிறான். ரீனா வடக்கே படிக்கப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் அழைத்து, "பெரியப்பா சாப்பிட்டாங்களா?" என்று தமிழில் கேட்கிறாள். நான் மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்து கிலோ திரும்பி வந்துவிட்டது. பயம் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. பேருந்தில் முன்னே உட்கார்ந்திருப்பவரின் காலர் விலகி நின்றால் என் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. ஸ்டைலா, உடம்பா என்று பார்த்துக்கொண்டே என் நிறுத்தத்தைத் தவறவிடுகிறேன்.

போன வாரம் அண்ணனுக்கு ஆறு மாத ஸ்கேன். நான் இடைவேளையில் தொழிற்சாலைக்கு வெளியே நின்றிருந்தேன். மதுரையில், ஸ்கேன் அறை வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"சொல்லுண்ணே."

ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பயமா இருக்குலே" என்றான்.

எங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அய்யா சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"எனக்கும்தாண்ணே."

அங்கே யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். "வாரேன்" என்று சொல்லிப் போனை மதினியிடம் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. இடைவேளை முடிந்த மணி அடித்தது. நான் உள்ளே போகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மதினி கூப்பிட்டார். "தம்பி, ஒண்ணுமில்லையாம். சுத்தமா இருக்காம். அடுத்து ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காக."

"அண்ணன்ட்ட குடுங்க மதினி."

"எப்படிக் குடுக்க? சின்னப்புள்ள கணக்கா அழுதுக்கிட்டு உக்காந்துருக்காக."

"அழட்டும் மதினி. போன அண்ணன் பக்கத்துல வைங்க. நான் லைன்ல இருக்கேன்."